தூதரை வெளியேற்றினால் யாருக்கு நட்டம்? தூதரக வேலையின் உள்பக்கம்

இரண்டு நாடுகளுக்கிடையே உரசல் வந்தால் செய்திகளில் சில வரிகள் தவறாமல் வந்துவிடும். "தூதர் நேரில் அழைக்கப்பட்டுக் கண்டனம் தெரிவிக்கப்பட்டது." "விரும்பத்தகாத நபராக அறிவிக்கப்பட்டார்." "தூதரகப் பணியாளர் எண்ணிக்கை குறைக்கப்படும்." 2024 அக்டோபரில் இந்தியாவும் கனடாவும் ஆளுக்கு ஆறு அதிகாரிகளை வெளியேற்றியபோது இதே வரிகள். 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் தூதரக ஆள்பலத்தை 55-இலிருந்து 30-ஆகக் குறைத்தபோதும் இதே வரிகள். படிக்கிறவருக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும்: இத்தனை பேர் அங்கே உட்கார்ந்து என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்? அமைச்சர்கள் இப்போது கைபேசியிலேயே பேசிக்கொள்கிறார்களே, தூதர் எதற்கு?

தூதர் என்றதும் மனதில் வருவது கொடி பறக்கும் காரும் மாலை விருந்தும்தான். அவை பொய்யில்லை, வேலையின் ஓரம் மட்டுமே. தூதரக அதிகாரியின் பொழுதில் பெரும்பகுதி தன் சொந்தத் தலைநகரத்துக்கு எழுதுவதிலும், அதனோடு மல்லுக்கட்டுவதிலும் போகிறது. மீதிப் பொழுது பாஸ்போர்ட் தொலைத்தவர்களுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் வெளியேற்றம், தகவல் கசிவு, திடீர் ராஜினாமா என்று வரும் செய்திகளில் பாதி தானாகவே விளங்கும்.

யார் யார்?

1. தூதரகம்: தலைநகரில் இருக்கும், அரசோடு அரசாகப் பேசும். காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் இதையே ஹைகமிஷன் என்கின்றன. இலங்கைத் தமிழில் அதன் தலைவர் உயர் ஸ்தானிகர். பெயர்தான் வேறு, வேலையும் தகுதியும் ஒன்று.

2. துணைத் தூதரகம்: மற்ற நகரங்களில் இருக்கும். விசா, பாஸ்போர்ட், அந்த வட்டாரத்து வணிகம், அங்கே வாழும் தன் நாட்டவரின் பிரச்சினைகள். இதன் அதிகாரிகள் கன்சல்கள்.

3. கௌரவ கன்சல்: பெரும்பாலும் அந்த ஊரிலேயே வாழும் தொழிலதிபரோ வழக்கறிஞரோ. பொதுவாக முழுநேரச் சம்பளம் கிடையாது.

4. பதவி ஏணி: மூன்றாம் செயலர், இரண்டாம் செயலர், முதல் செயலர், கவுன்சிலர், மினிஸ்டர், கடைசியில் தூதர். இங்கே 'மினிஸ்டர்' என்பது ஒரு படிநிலை மட்டுமே. அவர் அமைச்சர் அல்ல. செய்திகளில் இது அடிக்கடி குழம்பிப்போகிறது. தூதர் இல்லாதபோது பொறுப்பு வகிப்பவர் பொறுப்புத் தூதர். ஒரு நாடு கோபத்தில் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டு, மாதக் கணக்கில் பொறுப்புத் தூதரை வைத்தே ஓட்டுவதும் உண்டு.

பெரிய தூதரகங்களில் கணிசமான பேர் வெளியுறவுத் துறையைச் சேர்ந்தவர்களே அல்ல. பாதுகாப்பு, வணிகம், வேளாண்மை, குடியேற்றம் என்று வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள். தூதரக அதிகாரி என்ற பெயரில் உளவுத் துறையினர் அமர்த்தப்படுவது ஊரறிந்த ரகசியம். 2018-இல் பிரிட்டனின் சாலிஸ்பரி நகரில் முன்னாள் ரஷ்ய உளவாளி மீது நடந்த நச்சுத் தாக்குதலுக்குப் பிறகு பிரிட்டன் 23 ரஷ்யர்களை வெளியேற்றியபோது, அவர்களை அறிவிக்கப்படாத உளவு அதிகாரிகள் என்றே சொன்னது. ரஷ்யாவும் பதிலுக்கு 23 பிரிட்டிஷ் அதிகாரிகளை வெளியேற்றியது. தலைக்குத் தலை என்ற இந்தக் கணக்கில் உளவாளிக்குப் பதிலாக விசா அதிகாரியோ பண்பாட்டுப் பிரிவு அதிகாரியோ பெட்டி கட்ட நேரலாம்.

சட்டம் எங்கிருந்து வந்தது?

1708-இல் லண்டனில் ரஷ்யத் தூதர் மத்வேயெவ் கடன் பாக்கிக்காகத் தெருவில் மடக்கிக் கைது செய்யப்பட்டார். மற்ற தூதர்கள் கொதித்தார்கள். பீட்டர் பேரரசரைச் சமாதானப்படுத்த, தூதர்களைக் கைது செய்யக்கூடாது என்று பிரிட்டன் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. அதற்கு முன்பு 1661-இல், யார் வண்டி முன்னே போவது என்று பிரெஞ்சுத் தூதரின் ஆட்களும் ஸ்பானியத் தூதரின் ஆட்களும் அதே லண்டன் தெருவில் வெட்டிக்கொண்டு உயிர்கள் போயின. வரிசைச் சண்டையை 1815 வியன்னா மாநாடுதான் ஓரளவு தீர்த்தது: ஒரே நிலையில் உள்ளவர்களில் முதலில் பணியேற்றவர் முன்னே. மன்னர் பெரியவரா, நாடு பெரிதா என்ற கேள்வியே இல்லை. தேதி மட்டும். இன்றுவரை அதே விதிதான். அதனால் ஒரு குட்டித் தீவு நாட்டின் தூதர் நீண்ட காலம் இருந்தால், வல்லரசுத் தூதர்களுக்கு முன்னால் நிற்பார்.

இன்றைய அடிப்படை 1961 ஏப்ரல் 18-இல் கையெழுத்தான வியன்னா உடன்படிக்கை. அது 1964-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3-ஆம் பிரிவு தூதரகத்தின் வேலைகளை அடுக்குகிறது: தன் அரசின் பிரதிநிதியாக இருப்பது, தன் நாட்டின் மற்றும் குடிமக்களின் நலனைக் காப்பது, பேச்சு நடத்துவது, அந்நாட்டு நிலவரத்தைச் சட்டத்துக்கு உட்பட்ட எல்லா வழிகளிலும் அறிந்து தன் அரசுக்குத் தெரிவிப்பது, நட்புறவை வளர்ப்பது. நான்காவதைக் கவனியுங்கள். தகவல் திரட்டி அனுப்புவது குற்றமல்ல, தூதரின் கடமை. வழி சட்டத்துக்கு உட்பட்டதா என்பதில்தான் தகராறு தொடங்குகிறது.

விலக்குரிமை: பரவலான தவறான எண்ணங்கள்

1. "தூதரகம் அந்நிய மண்." இல்லை. நிலம் அது இருக்கும் நாட்டினுடையது. ஆனால் தூதரகத் தலைவரின் அனுமதி இல்லாமல் உள்ளூர் அதிகாரிகள் உள்ளே நுழையக்கூடாது. 2024 ஏப்ரலில் ஈக்வடார் போலீஸ், முன்னாள் துணை அதிபரைப் பிடிப்பதற்காகத் தலைநகர் கித்தோவில் உள்ள மெக்சிகோ தூதரகத்துக்குள் புகுந்தது. மெக்சிகோ உடனே உறவை முறித்துக்கொண்டது. உள்ளே இருந்தவர் குற்றவாளியா இல்லையா என்பது வேறு வழக்கு. கதவை உடைத்தது தனி மீறல்.

2. "தூதர் என்ன செய்தாலும் தண்டனை இல்லை." விலக்குரிமை, அதாவது உள்ளூரில் கைது, வழக்கு ஆகியவற்றிலிருந்து விலக்கு, அந்த மனிதரின் சொத்து அல்ல, அவரை அனுப்பிய அரசின் சொத்து. அரசு விரும்பினால் அதை விலக்கிக்கொள்ளலாம். 1997-இல் வாஷிங்டனில் ஜார்ஜியத் தூதரக அதிகாரி ஒருவர் குடித்துவிட்டுக் கார் ஓட்டி 16 வயதுப் பெண்ணின் சாவுக்குக் காரணமானார். ஜார்ஜியா விலக்குரிமையைக் கைவிட்டது. அவர் அமெரிக்க நீதிமன்றத்தில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார். இப்படிக் கைவிடுவது அபூர்வம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1984 ஏப்ரலில் லண்டன் லிபியத் தூதரகத்திலிருந்து சுடப்பட்டு ஒரு பெண் காவலர் இறந்தார். பதினொரு நாள் முற்றுகைக்குப் பின் உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஊர் திரும்பினார்கள். பிரிட்டன் மக்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் திரிபோலியில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் தலை அன்று அதே விதியின் நிழலில்தான் இருந்தது. இந்த விதி நிற்பது பரஸ்பர பயத்தில்.

3. "கன்சலுக்கும் அதே பாதுகாப்பு." அவருடைய பாதுகாப்பு குறைவு. 1963-இல் தனியாக உருவான கன்சலர் உடன்படிக்கையின்படி, அலுவல் தொடர்பான செயல்களுக்கு மட்டுமே விலக்குரிமை. கடும் குற்றமானால், நீதித் துறையின் உத்தரவோடு கன்சலைக் கைது செய்யலாம்.

4. "தூதரகப் பையில் எதையும் அனுப்பலாம்." தூதரகத்துக்கும் அதன் அரசுக்கும் இடையே போகும் முத்திரையிட்ட பை அது. அதைத் திறக்கவோ நிறுத்திவைக்கவோ கூடாது என்பது விதி, அதில் இருக்க வேண்டியவை அலுவல் ஆவணங்களும் பொருள்களும் மட்டுமே என்பதும் விதி. 1984-இல் நைஜீரியாவின் முன்னாள் அமைச்சர் உமாரு டிக்கோவை மயக்கிப் பெட்டியில் அடைத்து லண்டனிலிருந்து விமானமேற்றப் பார்த்தார்கள். தூதரகப் பைக்கு உரிய முத்திரையும் தாள்களும் சரியாக இல்லாததால் சுங்க அதிகாரிகள் பெட்டியைத் திறந்தார்கள், அவர் பிழைத்தார். காகித வேலையில் சோம்பல் ஓர் உயிரைக் காப்பாற்றிய அரிய தருணம்!

ஒரு நாள் எப்படி ஓடுகிறது?

காலை, தலைநகர் அனுப்பிய செய்திகளோடு தொடங்கும். நேர வித்தியாசத்தால், அங்கே மாலையில் அவசரமாக எழுந்த கேள்வி இங்கே விடியலில் வந்து நிற்கும். அடுத்து உள்ளூர்ப் பத்திரிகைகள். தலைப்புச் செய்தியைத் தலைநகரிலேயே இணையத்தில் படித்திருப்பார்கள். ஆறாம் பக்கத்து நியமன அறிவிப்பு, வேலைநிறுத்தத்தில் யார் கலந்துகொள்ளவில்லை என்ற தகவல், இவைதான் தூதரக அதிகாரியின் தீனி. அதற்கு மொழி தெரிய வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிப் பள்ளி அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் போன்றவற்றுக்கு 88 வாரம் ஒதுக்குகிறது. தமிழுக்கு சுமார் 44 வாரம்.

பிறகு வெளியுறவு அமைச்சகத்தில் ஒரு சந்திப்பு. தலைநகர் சொன்ன நிலைப்பாட்டை முறைப்படி எடுத்துச் சொல்வதற்கு டெமார்ஷ் என்று பெயர். பெரும்பாலும் அது போர், சமாதானம் பற்றியதாக இருக்காது. ஐ.நா. குழு ஒன்றின் தேர்தலில் எங்கள் வேட்பாளருக்கு வாக்களியுங்கள், பதிலுக்கு உங்களுக்கு நாங்கள் வாக்களிக்கிறோம் என்பது மாதிரியான விஷயங்கள்தான் அதிகம். எழுத்துக் கடிதம் என்றால் அதற்கும் சடங்கு உண்டு. 'நோட் வெர்பால்' எனப்படும் குறிப்பில் 'நான்', 'நாங்கள்' வராது; தூதரகம் தன்னைப் படர்க்கையில் சொல்லிக்கொண்டு, உயர்ந்த மரியாதையை மீண்டும் தெரிவித்துக்கொண்டு முடிக்கும். கண்டனக் கடிதத்திலும் அந்த மரியாதை வரி இருக்கும். அது இல்லாமல் ஒரு குறிப்பு வந்தால், அந்த இல்லாமையே செய்தி.

அமைச்சர் யாராவது வந்துவிட்டால் மற்ற வேலை எல்லாம் நின்றுபோகும். எந்தக் காரில் யார், எந்தக் கதவு வழியாக, கொடி சரியான பக்கம் மேலே இருக்கிறதா, உறை மாறிப்போன பேச்சுக் குறிப்பு எங்கே. மூன்று நான்கு பேர் மட்டுமே உள்ள சிறு தூதரகத்தில் அரசியல் ஆய்வு எழுதுகிறவரே கணக்கும் பார்ப்பார், கட்டடத்தின் தண்ணீர்க் குழாயையும் பார்ப்பார்.

மாலை விருந்தைப் பற்றித்தான் வெளியில் கேலி அதிகம். அங்கே நடப்பது இது: அலுவலகத்தில் சொல்ல முடியாததை ஓர் அதிகாரி கையில் கோப்பையோடு அரை வாக்கியமாகச் சொல்வார். அந்த அரை வாக்கியத்துக்காக இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். வீட்டுக்குப் போய், மறப்பதற்குள் குறித்து வைக்க வேண்டும்.

எழுத்துதான் விளைபொருள்

அந்த அரை வாக்கியங்கள் சேர்ந்து தலைநகருக்குப் போகும் அறிக்கை ஆகின்றன. தந்தி ஒழிந்த பின்னும் அதற்குக் கேபிள் என்றே பெயர். கைபேசியை வெளியே வைத்துவிட்டு நுழையும் பாதுகாப்பான அறையில் உட்கார்ந்து எழுதுவார்கள். நல்ல அறிக்கை மூன்றைப் பிரித்துக் காட்டும்: என்ன நடந்தது, யார் சொன்னது, எழுதுகிறவர் என்ன நினைக்கிறார். மூன்றும் கலந்தால் ஆபத்து.

1946 பிப்ரவரி 22-இல் மாஸ்கோவிலிருந்து ஜார்ஜ் கென்னன் அனுப்பிய நீண்ட தந்தி, சோவியத் நாடு ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று விளக்கி, அமெரிக்கக் கொள்கையையே திருப்பியது. அப்போது அவர் தூதர்கூட இல்லை; பொறுப்பில் இருந்தவர். ஆனால் இது விதிவிலக்கு. ஆயிரக்கணக்கான கேபிள்களில் பெரும்பாலானவை ஓரிரு கீழ்நிலை அதிகாரிகள் கண்ணில் பட்டு, கோப்பில் உறங்கிவிடும். எழுதுகிறவருக்கும் அது தெரியும்.

வெளிப்படையாக எழுத முடிவது ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கையால்தான். 2010-இல் விக்கிலீக்ஸ் சுமார் 2.5 லட்சம் அமெரிக்கக் கேபிள்களை வெளியிடத் தொடங்கியது. மெக்சிகோவின் போதைக் கும்பல் எதிர்ப்புப் போரைப் பற்றிய கறாரான மதிப்பீடுகள் வெளியே வந்து, அங்கிருந்த தூதர் கார்லோஸ் பாஸ்குவல் 2011-இல் பதவி விலகினார். 2019 ஜூலையில் வாஷிங்டனில் இருந்த பிரிட்டிஷ் தூதர் கிம் டாரக் கதையும் அதுதான்: டிரம்ப் நிர்வாகம் திறமையற்றது என்று தன் அரசுக்கு எழுதியது பத்திரிகையில் வந்தது, சில நாளில் ராஜினாமா. இருவரும் செய்த தப்பு என்ன? கேட்ட வேலையைச் செய்தார்கள். கசிந்தது அவர்கள் கையிலிருந்து அல்ல. கசிவு தூதரின் பதவியைப் பறிக்கிறது. அடுத்து வருபவரின் பேனாவையும் மழுங்கடிக்கிறது. இரண்டாவதுதான் பெரிய சேதம் என்பேன்.

கூறியது கூறுவானா, தான் வகுத்துக் கூறுவானா?

தமிழின் பழைய உரை மரபு தூதர்களைத் 'தான் வகுத்துக் கூறுவான்', 'கூறியது கூறுவான்' என்று பிரித்தது. முன்னவர் இடமும் காலமும் பார்த்துத் தாமே முடிவு செய்து பேசுவார். பின்னவர் சொல்லி அனுப்பியதை மட்டும் சொல்வார். தூதரக வேலையின் நிரந்தர இழுபறியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

செய்தி மெதுவாகப் போன காலத்தில் முன்னவர்தான் இருந்தாக வேண்டும். 1814 டிசம்பர் 24-இல் இன்றைய பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிரிட்டனும் அமெரிக்காவும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. செய்தி கடல் தாண்டிச் சேர்வதற்குள், 1815 ஜனவரி 8-இல், நியூ ஆர்லியன்ஸில் இரு படைகளும் மோதின. தந்தி, தொலைபேசி, மின்னஞ்சல் என்று வர வர, தலைநகர் ஒவ்வொரு வரிக்கும் அனுமதி கேட்க வைத்தது. தூதர் கூறியது கூறுவானாகச் சுருங்கினார். ஆனாலும் களத்தில் நிற்பவருக்கும் கோப்பைப் பார்ப்பவருக்கும் உள்ள இடைவெளி மறையவில்லை.

1940 கோடையில் லிதுவேனியாவின் கவுனஸ் நகரில் ஜப்பானிய கன்சல் சியூனே சுகிஹாரா, டோக்கியோ விதித்த நிபந்தனைகளை மீறி, தப்பியோடிக்கொண்டிருந்த யூதர்களுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விசாக்களைக் கையால் எழுதிக் கொடுத்தார். போர் முடிந்தபின் வேலை போயிற்று. 1971 ஏப்ரல் 6-இல் டாக்காவில் அமெரிக்க கன்சல் ஜெனரல் ஆர்ச்சர் பிளட், கிழக்குப் பாகிஸ்தான் படுகொலைகளைக் கண்டும் தன் அரசு மௌனம் காப்பதைக் கண்டித்துத் தன் சகாக்கள் எழுதிய தந்தியை அனுப்பிவைத்தார். அவரைத் திரும்ப அழைத்தார்கள். அவருடைய பணி வாழ்வு அதன்பின் நிமிரவில்லை.

பெரும்பாலோர் சுகிஹாராவும் அல்ல, பிளட்டும் அல்ல. தமக்கு உடன்பாடில்லாத நிலைப்பாட்டை முகம் மாறாமல் எடுத்துச் சொல்லிவிட்டு, இரவில் தலைநகருக்கு, "இது இங்கே எடுபடாது, காரணம் இவை" என்று நாசூக்காக எழுதுபவர்கள். அப்படி எழுதினால் ஒரு பழி காத்திருக்கும்: "அவர் அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார்." எழுதாவிட்டால் பின்னாளில் கேட்பார்கள்: "நீங்கள் ஏன் எச்சரிக்கவில்லை?"

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

சாதாரண மனிதர் தூதரகத்தைச் சந்திப்பது கன்சலர் பிரிவில்தான். இங்கே எதிர்பார்ப்புக்கும் அதிகாரத்துக்கும் பெரிய இடைவெளி.

செய்யக்கூடியவை: தொலைந்த பாஸ்போர்ட்டுக்குப் பதில் அவசரப் பயண ஆவணம் தருவது, சிறையில் இருப்பவரைப் பார்ப்பது, வழக்கறிஞர் பட்டியல் கொடுப்பது, குடும்பத்துக்குத் தகவல் சொல்வது, பிறப்பு, இறப்புப் பதிவு, இறந்தவரின் உடலை அனுப்ப மருத்துவமனை, போலீஸ், விமான நிறுவனம் என்று ஒவ்வொரு தாளாகச் சேர்ப்பது.

செய்ய முடியாதவை: சிறையிலிருந்து வெளியே எடுப்பது, நீதிமன்றத்தில் தலையிடுவது, உள்ளூர்ச் சட்டத்திலிருந்து விலக்கு வாங்கித் தருவது. கொந்தளிப்போடு வரும் குடும்பத்தாரிடம் இதைச் சொல்வதுதான் இளம் அதிகாரிகளுக்குக் கடினமான பாடம்.

1963 உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவின்படி, கைதாகும் வெளிநாட்டவருக்குத் தன் கன்சலைத் தொடர்புகொள்ளும் உரிமை உண்டென்று தாமதமின்றிச் சொல்ல வேண்டும். சின்ன விதிபோலத் தெரியும். அமெரிக்காவில் கைதான ஜெர்மானியச் சகோதரர்களின் லாகிராண்ட் வழக்கு (2001), அங்கேயே கைதான 51 மெக்சிகோ நாட்டவர் தொடர்பான அவெனா வழக்கு (2004), பாகிஸ்தானில் கைதான இந்தியரின் ஜாதவ் வழக்கு (2019) ஆகிய மூன்றிலும் சர்வதேச நீதிமன்றம் இந்த உரிமை மீறப்பட்டதென்று தீர்ப்பளித்தது. மூன்றிலும் பின்னணியில் மரண தண்டனை இருந்தது.

நெருக்கடியில் இந்தப் பிரிவே மையமாகிவிடும். 2015-இல் ஏமனிலிருந்து இந்தியா தன் குடிமக்களோடு 41 நாடுகளைச் சேர்ந்த தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் மீட்டது. கப்பலும் விமானமும் படத்தில் வரும். பெயர்ப் பட்டியல் தயாரித்து, எந்தச் சாவடியில் யார் விடுவார் என்று விசாரித்தவர்கள் வர மாட்டார்கள்.

மூன்றாண்டு வாழ்க்கை

பெரும்பாலான நாடுகள் இரண்டு முதல் நான்கு ஆண்டில் அதிகாரியை இடம் மாற்றிவிடுகின்றன. ஓரிடத்தில் வேர் பிடித்தால் தீர்ப்பு சாய்ந்துவிடும் என்ற பயம்தான் காரணம். பயம் நியாயமானது, விலை அதிகம். முதல் ஆண்டு ஆள்களைத் தெரிந்துகொள்வதில் போகும், கடைசி ஆறு மாதம் அடுத்த ஊரை நினைப்பதில் போகும். புரிய ஆரம்பிக்கும் நேரத்தில் மூட்டை கட்ட வேண்டும். தொடர்ச்சியைக் காப்பவர்கள் உள்ளூரில் அமர்த்தப்பட்ட பணியாளர்கள். இருபது வருடம் அதே மேஜையில் இருப்பவர்கள். விலக்குரிமை இல்லாதவர்களும் இவர்கள்தான். உறவு முறிந்தால் முதலில் சிக்குபவர்களும் இவர்கள்தான்.

குடும்பத்தின் பாடு தனி. வாழ்க்கைத் துணை வேலை பார்க்க இரு நாடுகளுக்கிடையே தனி ஒப்பந்தம் தேவைப்படலாம். பிள்ளைகள் பள்ளி மாறிக்கொண்டே வளர்கிறார்கள். முதுமையில் பெற்றோர் எங்கோ இருக்கிறார்கள். ஊர் திரும்பினால், வெளியே இருந்த காலத்தில் நாடு மாறியிருக்கும். இத்தனை நாள் யார் சார்பாகப் பேசினோமோ அந்த நாடே கொஞ்சம் அந்நியமாகத் தெரியும்.

கோபத்தின் படிகளும் அதன் பின்விளைவும்

இப்போது முதலில் சொன்ன செய்தி வரிகளுக்கு வருவோம். ஏறக்குறைய இந்த வரிசையில் படி ஏறும்:

1. தூதரை அழைத்துப் பேசுவது. அழைத்தது செயலரா, இணைச் செயலரா என்பதிலேயே கோபத்தின் அளவு தெரியும்.

2. ஆலோசனைக்கென்று தன் தூதரைத் திரும்ப அழைப்பது.

3. குறிப்பிட்ட அதிகாரியை விரும்பத்தகாத நபர் என்று அறிவிப்பது, அதாவது நாட்டை விட்டு வெளியேறச் சொல்வது. 1961 உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவின்படி காரணம் சொல்ல வேண்டியதில்லை.

4. ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது.

5. உறவை முறிப்பது.

நான்காம் படியைச் செய்திகள் வெறும் எண்ணாகக் கடந்துவிடுகின்றன. குடிமக்கள் மேல் நேரடியாக விழும் அடி அதுதான். 2023 அக்டோபரில் இந்தியாவிலிருந்து 41 அதிகாரிகளை விலக்கிக்கொள்ள நேர்ந்தபோது, கனடா தன் சண்டிகர், மும்பை, பெங்களூர்த் துணைத் தூதரகங்களில் நேரடிச் சேவையை நிறுத்தியது. குடியேற்றத் துறையின் கனடிய அதிகாரிகள் 27 பேர் இருந்த இடத்தில் 5 பேர். 2021-இல் அமெரிக்கத் தூதரகம் உள்ளூர்ப் பணியாளர்களை அமர்த்த ரஷ்யா தடை போட்டது. மாஸ்கோவில் விசா வேலை முடங்கி, அமெரிக்காவில் குடியேற விண்ணப்பித்த ரஷ்யர்கள் வார்சாவுக்குப் போக வேண்டியதாயிற்று. மறுபக்கம், தலைநகருக்குப் போகும் அறிக்கைகள் மெலிகின்றன. எதிராளியைப் பற்றி மிக நுட்பமாகத் தெரிய வேண்டிய நேரத்தில், அரசு செய்தித்தாளையும் ஊகத்தையும் நம்பி முடிவெடுக்கிறது.

ஐந்தாம் படியிலும் எல்லாம் அறுந்துவிடுவதில்லை. மூன்றாவது நாடு ஒன்று பாதுகாப்பு அரசாக இருந்து, வெளியேறிய நாட்டின் நலன்களைக் கவனிக்கலாம் என்று அதே உடன்படிக்கையின் 45-ஆம் பிரிவு வழி செய்கிறது. 1961-இல் கியூபாவோடு உறவை முறித்த அமெரிக்காவுக்காக ஹவானாவில் அப்படி இருந்தது சுவிட்சர்லாந்து. 1977-இல் அமெரிக்க அதிகாரிகளே திரும்பி வந்து பழைய தூதரகக் கட்டடத்தில் உட்கார்ந்தார்கள். பலகையில் சுவிஸ் தூதரகத்தின் அமெரிக்க நலன் பிரிவு என்று எழுதியிருந்தது. 2015-இல் உறவு மீளும்வரை விசா நேர்காணல், சிறைச் சந்திப்பு, கேபிள் எல்லாம் அந்தப் பெயரிலேயே நடந்தன.